கண் கேட்டார், கோல் கிடைத்தது! திருவெண்ணெய்நல்லூரில் தடுத்தாட்கொள்ளப்பட்ட சுந்தரரின் கதை

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர்னு சொன்னாலே நினைவுக்கு வருவது ஓலை வழக்கு. புத்தூரில் சுந்தரரின் கல்யாணத்துக்குள் ஒரு முதியவர் புகுந்து, அவர் தனக்கு அடிமை என்று ஓலை காட்டினார். இந்த ஊர்ச் சபையில் ஓலை செல்லும்னு தீர்ப்பு. கல்யாணம் நின்றது. முதியவர் கோயிலுக்குள் மறைந்த பிறகுதான் வந்தது சிவன் என்று தெரிந்தது என்கிறது பெரியபுராணம்.

அதிகம் பேசப்படாதது, சுந்தரர் பார்வையின்றி நடந்த நாட்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன்னு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தவர், திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போச்சு.

தடுமாறியபடியே திருவெண்பாக்கம் வந்து முறையிட்டார். கிடைத்தது பார்வை இல்லை, ஓர் ஊன்றுகோல்! கோபத்தில் அதை வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்ததாக அந்தக் கோயிலில் சொல்வார்கள். நியாயமான கோபம்தானே? ஆனாலும் அந்தக் கோல்தான் வழித்துணை.

தரையில் இருக்கும் பள்ளத்தையும் கல்லையும் கைக்கு உணர்த்துவதுதான் கோலின் வேலை. இன்றைய வெள்ளைக்கோலும் அதையே செய்கிறது. முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தடைகள்தான் அதற்குச் சிக்காது. டெல்லி ஐஐடி உருவாக்கி 2014ல் அறிமுகமான ஸ்மார்ட்கேன், அவற்றை 3 மீட்டர் தூரத்திலேயே மீயொலி மூலம் கண்டுபிடித்து, கைப்பிடியை அதிரவைக்கும்.

சுந்தரருக்குக் காஞ்சிபுரத்தில் இடக்கண் கிடைத்தது. வலக்கண் திருவாரூர் போன பிறகுதான். பழைய வெண்பாக்கம் கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. பக்கத்தில் மீண்டும் எழுப்பிய கோயிலில் சுவாமி பெயர் ஊன்றீஸ்வரர்.