பதவி போனது, பணி நிற்கவில்லை: காலித் பின் வலீத் (ரலி)

 

இன்று பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுக்கின்றன. எப்படிப் பேசுவது, எப்படி வேலை வாங்குவது, எப்படி மேலே வருவது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் கையில் இருந்த பொறுப்பு ஒரு நாள் போய்விட்டால்? நேற்றுவரை நம் பக்கத்தில் இருந்தவர் இன்று நமக்கு மேலே வந்து அமர்ந்தால்? பலருக்குத் தூக்கம் தொலைவது அந்த இடத்தில்தான். அந்தப் பாடத்தை வாழ்ந்து காட்டியவர் ஹழ்ரத் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள்.

தகுதியால் வந்த தலைமை

மக்காவின் மக்ஸூம் கிளையில், பெரும் செல்வந்தரான வலீத் பின் முகீராவின் மகனாகப் பிறந்தவர் அவர். ஹிஜ்ரி 3-ல் நடந்த உஹதுப் போரில் எதிரிகளின் குதிரைப் படையில் இருந்தார். அம்பெய்பவர்கள் மலையை விட்டு இறங்கியதைக் கவனித்து, பின்பக்கமாக வந்து தாக்கி, போரின் போக்கையே மாற்றியவர் அவர்தான். ஹிஜ்ரி 8-ல் மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றார்.

அடுத்த சில மாதங்களில் மூத்தா போர். மூவாயிரம் பேர் கொண்ட படை. ஜைத் பின் ஹாரிஸா, ஜஃபர் பின் அபீதாலிப், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி-அன்ஹும்) ஆகிய மூவரையும் வரிசைப்படி தளபதிகளாக நபி (ஸல்) அவர்கள் நியமித்திருந்தார்கள். காலித் (ரலி) அதில் ஒரு சாதாரண வீரர். அவர்களைவிடப் போர் தெரிந்தவன் நான் என்று அவர் பேசவில்லை. மூவரும் ஷஹீதான பிறகு கொடி அவர் கைக்கு வந்தது. அன்று அவர் கையில் ஒன்பது வாள்கள் உடைந்தன. படையின் வலப்பக்கத்தை இடப்பக்கமாகவும், முன்வரிசையைப் பின்வரிசையாகவும் மாற்றி நிறுத்தினார். புதிய படை வந்துவிட்டது என்று எதிரி நினைக்கும்படி செய்து, முஸ்லிம்களைப் பத்திரமாகத் திருப்பி அழைத்து வந்தார். அல்லாஹ்வின் வாள் என்று நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பட்டம் சூட்டியது அந்தப் போரை ஒட்டித்தான்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் யமாமாவில் வெற்றி, இராக்கில் வெற்றி. பிறகு தண்ணீர் கிடைக்காத பாலைவனத்தைப் படையோடு கடந்து ஷாம் தேசம் சென்றார். அங்கும் வெற்றி.

வந்தது ஒரு கடிதம்

அன்பானவர்களே! ஹிஜ்ரி 13-ல் அபூபக்ர் (ரலி) மறைந்து, உமர் (ரலி) கலீபாவாகிறார்கள். ஷாம் படைக்கு இனி அபூஉபைதா (ரலி) அவர்கள்தான் தலைவர் என்று மதீனாவிலிருந்து கடிதம் வருகிறது. தோற்றவரை மாற்றுவது எல்லோருக்கும் புரியும். இங்கே மாற்றப்பட்டவரோ தோல்வி காணாதவர்!

பதவி பெற்ற அபூஉபைதா (ரலி) என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். போர்ச் சூழல் முடியும்வரை அந்தச் செய்தியைக் காலித் (ரலி) அவர்களிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மற்றவரின் நாற்காலியில் அமர அவசரப்படவில்லை. இன்று புதிதாக மேலாளர் ஆனவர், முதல் நாளே பழையவரின் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்கிறார்!

காலித் (ரலி) என்ன செய்தார்கள்? இந்த உம்மத்தின் நம்பிக்கையாளர் என்று நபி (ஸல்) அவர்கள் அழைத்தவர் உங்களுக்குத் தலைவராக வந்திருக்கிறார் என்று மக்களிடம் அறிவித்தார்கள். உடனே அபூஉபைதா (ரலி), நபியவர்களால் அல்லாஹ்வின் வாள் என்று அழைக்கப்பட்டவர் இவர் என்று பதிலுக்குப் பெருமைப்படுத்தினார்கள். போன பதவிக்காரரும் வந்த பதவிக்காரரும் ஒருவர் சிறப்பை மற்றவர் எடுத்துச் சொன்னார்கள். படை இரண்டாகப் பிரியாமல் காத்தது அதுதான்.

அதோடு முடியவில்லை. ஹிஜ்ரி 15-ல் யர்மூக் போரில் அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமைக்குக் கீழ் நின்று குதிரைப் படையை நடத்தியவர் காலித் (ரலி). தலைவராக இருந்தபோது கொடுத்த உழைப்பில் ஒரு துளியும் குறையவில்லை. பின்னர் கின்னஸ்ரீன் வெற்றியைக் கேள்விப்பட்ட உமர் (ரலி), ஆட்களை எடைபோடுவதில் அபூபக்ர் (ரலி) தம்மைவிடச் சிறந்தவர் என்று மனம் திறந்து பாராட்டினார்கள்.

ஏன் இந்த முடிவு?

ஹிஜ்ரி 17-ல் இருந்த பொறுப்பிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். ஒருவருக்கு அவர் கொடுத்த பத்தாயிரம் திர்ஹம் எங்கிருந்து வந்தது என்று விசாரணையும் நடந்தது. தன் சொந்தப் பணம் என்றார். உமர் (ரலி) ஊர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி விளக்கினார்கள்: கோபத்தாலோ, மோசடியாலோ அவரை நீக்கவில்லை, வெற்றி காலிதால் வருகிறது என்று மக்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள், தருபவன் அல்லாஹ் என்பதை அவர்கள் உணர வேண்டும் என்பதே காரணம்.

பொறுப்பில் இருப்பவர்களே! ஒருவரை நீக்கினால் அவருடைய மானத்தை நீக்கிவிடாதீர்கள். பணியில் இருப்பவர்களே! நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்ற எண்ணம் உங்களுக்கும் வேண்டாம், உங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கும் வேண்டாம்.

காலித் (ரலி) தனக்கென்று ஒரு கூட்டம் சேர்க்கவில்லை. அவருக்காக வாள் ஏந்த ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். ஆனாலும் கலீபாவின் கட்டளைக்குக் கட்டுப்பட்டார். மனவருத்தம் இருந்தது, அதை மதீனா சென்று உமர் (ரலி) அவர்களிடமே நேரில் சொன்னார். முதுகுக்குப் பின்னால் பேசித் திரியவில்லை.

ஹிஜ்ரி 21-ல் ஹிம்ஸ் நகரில் படுக்கையில் மரணம் நெருங்கியது. உடம்பில் காயத் தழும்பு இல்லாத இடமே இல்லை. இருந்தும் படுக்கையில் சாகிறேனே என்று வருந்தினார். அவர் விட்டுச் சென்றவை ஒரு குதிரை, ஆயுதம், ஓர் அடிமை. இவற்றை நிறைவேற்றும் பொறுப்பைத் தன் வஸிய்யத்தில் யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? தன்னைப் பதவியிலிருந்து நீக்கிய உமர் (ரலி) அவர்களிடம்தான் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன.

அன்பானவர்களே! உங்கள் பதவியை எடுத்தவரை நம்பி உங்கள் குடும்பத்தின் காரியத்தை ஒப்படைக்க உங்களால் முடியுமா? அந்த அளவுக்கு உள்ளம் சுத்தமாக இருந்தால், எந்த நாற்காலி போனாலும் நாம் எதையும் இழக்கவில்லை. பதவி அமானத். கொடுத்தவன் கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியது. உழைப்பு இபாதத். அதற்கு நாற்காலி தேவையில்லை.

பதவி வந்தால் பணிவையும், போனால் பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.