ஒரு மேட்ச்கூட ஆடலை... ஆனா அவர் நம்பர் இனி யாருக்கும் கிடையாது! யார் இந்த எர்னி டேவிஸ்?

கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், அமெரிக்காவின் என்எஃப்எல் லீக்கில் ஆடும் பழைய ஃபுட்பால் அணி. இந்த அணியில் 45-ம் நம்பர் ஜெர்சியை இனி யாரும் போட முடியாது. சச்சினின் 10, தோனியின் 7 மாதிரி, ஒரு வீரருக்கு மரியாதையாக அந்த நம்பரையே எடுத்து வைத்துவிட்டார்கள்.

பெரிய சாதனையாளராக இருப்பார், இதில் என்ன ஆச்சரியம்னு நினைப்பீங்க. ஆனா அந்த எர்னி டேவிஸ், பிரவுன்ஸ் அணிக்காக ஒரு லீக் மேட்ச்கூட ஆடியதில்லை. வேறு எந்த என்எஃப்எல் அணிக்கும் ஆடியதில்லை.

கல்லூரியில் கலக்கிவிட்டு, அடுத்த கட்டத்தில் காணாமல் போன வீரர்கள் அமெரிக்க ஃபுட்பாலில் ஏராளம். காயம், குடி, அலட்சியம், சேரக் கூடாத அணியில் சேர்ந்தது என ஆளுக்கொரு காரணம் இருக்கும். டேவிஸ் விஷயத்தில் இது எதுவுமே காரணம் இல்லை. அதனால்தான் அவர் கதை 60 வருடம் கழித்தும் பேசப்படுகிறது.

முதல்ல ஒரு சின்ன விளக்கம்

அமெரிக்க ஃபுட்பால் நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மோத வரும் எதிரணியைத் தாண்டி ஓடணும். மைதானத்தின் ஆடுகளம் 100 யார்டு நீளம். பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். டேவிஸ் ஆடியது அந்த இடத்தில்தான்.

இன்னும் ரெண்டு விஷயம். அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் விருதின் பெயர் ஹெய்ஸ்மன் டிராபி. கல்லூரி முடிக்கும் வீரர்களை என்எஃப்எல் அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது டிராஃப்ட். மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் வாய்ப்பு.

அப்பாவைப் பார்க்காத பையன்

டேவிஸ் பிறந்தது 1939 டிசம்பர் 14, பென்சில்வேனியா மாநிலத்தில். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா விபத்தில் இறந்துவிட்டார். யூனியன்டவுன் என்ற ஊரில் அம்மாவழித் தாத்தா, பாட்டிதான் வளர்த்தார்கள். சின்ன வயதில் பேச்சு திக்கும். 12 வயதில், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் இருந்த அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

அங்கே பள்ளியில் ஃபுட்பால், பேஸ்கட்பால், பேஸ்பால் மூன்றிலும் பின்னி எடுத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அவரைத் தேடி வந்தன. அவர் சேர்ந்தது சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில். அங்கே படித்துவிட்டு பிரவுன்ஸ் அணியில் நட்சத்திரமாகியிருந்த ஜிம் பிரவுனே நேரில் பேசினார். அவர் போட்ட 44-ம் நம்பர் ஜெர்சி டேவிஸுக்குக் கிடைத்தது.

ஜெயித்த அன்றைக்கும் ஒரு கதவு மூடியிருந்தது

1959 சீசனில் சிரக்யூஸ் ஒரு மேட்ச்கூட தோற்கவில்லை. 1960 ஜனவரி 1 அன்று டல்லாஸில் காட்டன் பவுல் போட்டி, எதிரணி டெக்சாஸ். டேவிஸுக்குத் தொடையில் தசைப்பிடிப்பு. அந்தக் காலோடு, ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு பாஸைப் பிடித்து ஓடினார். மொத்தம் 87 யார்டு, கிட்டத்தட்ட முழு மைதானம். சிரக்யூஸ் 23-14 என்று ஜெயித்தது. சிறந்த வீரர் விருது டேவிஸுக்கு.

அன்று இரவு விருது விழா. டல்லாஸில் அப்போது இனப் பாகுபாடு அமலில் இருந்தது. விழா முடிந்து நடக்கும் கொண்டாட்டத்தில் கறுப்பின வீரர்கள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேட்ச்சை ஜெயித்துக் கொடுத்தவரே கிளம்பிப் போக வேண்டியிருந்தது.

1961-ல் ஹெய்ஸ்மன் டிராபி அவருக்குக் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். விருது வாங்க நியூயார்க் போயிருந்தபோது, அங்கே வந்திருந்த ஜனாதிபதி கென்னடி அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார்.

வாஷிங்டன் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தது?

இங்கேதான் கதை ஃபுட்பாலைத் தாண்டிப் போகிறது.

என்எஃப்எல்-லில் அப்போது கறுப்பின வீரர்களே இல்லாத ஒரே அணி வாஷிங்டன். அதன் உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல், கறுப்பின வீரர்களைச் சேர்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். ஆனா அவருடைய அணி ஆடிய புது ஸ்டேடியம் அரசு நிலத்தில் இருந்தது. உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால் இதைப் பிடித்துக்கொண்டார். கறுப்பின வீரர்களைச் சேருங்க, இல்லைன்னா ஸ்டேடியத்தைப் பயன்படுத்த முடியாது என்று கெடு வைத்தார்.

1961-ல் 14 மேட்ச்சில் ஒன்றே ஒன்றுதான் வாஷிங்டன் ஜெயித்தது. அதனால் டிராஃப்ட்டில் முதல் வாய்ப்பு அவர்களுக்கு. வேறு வழியில்லாமல் டேவிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். என்எஃப்எல் டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வான முதல் கறுப்பின வீரர் அவர்தான்.

உடனே அவரை பிரவுன்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு பாபி மிட்செல் என்ற இன்னொரு கறுப்பின வீரரையும், டிராஃப்ட்டில் பிரவுன்ஸ் எடுத்த லெராய் ஜாக்சனையும் வாங்கிக்கொண்டது வாஷிங்டன். 1962 சீசனில் லீக்கிலேயே அதிக பாஸ்களைப் பிடித்தவர் மிட்செல். அணியின் வெற்றி 1-ல் இருந்து 5 ஆனது. பின்னாளில் அவர் என்எஃப்எல் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பிடித்தார்.

இந்தப் பக்கம், ஜிம் பிரவுனும் எர்னி டேவிஸும் ஒரே அணியில். ரசிகர்கள் எவ்வளவு கனவு கண்டிருப்பாங்கன்னு யோசித்துப் பாருங்க.

கழுத்தில் ஒரு வீக்கம்

1962 கோடையில் சிகாகோவில் கல்லூரி நட்சத்திர வீரர்களுக்கான ஒரு மேட்ச். அதற்காகப் பயிற்சியில் இருந்தபோது டேவிஸுக்குக் கழுத்தில் வீக்கம் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். பரிசோதனையில் தெரிந்தது ரத்தப் புற்றுநோய், அதுவும் வேகமாகப் பரவும் வகை. அந்தக் காலத்தில் இதைக் குணப்படுத்த வழியே இல்லை.

ஏதோ ரத்தக் கோளாறு என்று மட்டும்தான் அவரிடம் முதலில் சொன்னார்கள். ஆகஸ்ட் மாதம் கிளீவ்லேண்ட் ஸ்டேடியத்தில், சீசனுக்கு முந்தைய மேட்ச் நடந்த ஒரு இரவில், ஸ்பாட்லைட் வெளிச்சத்தில் அவர் மைதானத்துக்குள் ஓடி வந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிரவுன்ஸ் வீரராக ரசிகர்கள் முன் அவர் களத்துக்கு வந்தது அந்த ஒருமுறைதான்.

நோயின் பெயரை அக்டோபரில்தான் அவரிடம் சொன்னார்கள். சிகிச்சையில் நோய் அப்போது கொஞ்சம் அடங்கியிருந்தது. அவரை ஆடவைக்கலாம் என்றார் உரிமையாளர் ஆர்ட் மோடெல். பயிற்சியாளர் பால் பிரவுன் ஒத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் இருந்த விரிசல் இதனால் இன்னும் பெரிதானது. அடுத்த ஜனவரியில் பால் பிரவுன் நீக்கப்பட்டார்.

டேவிஸ் யார் மேலும் கோபப்படவில்லை. 1963 மார்ச்சில் ஒரு பத்திரிகையில் தன் நோயைப் பற்றி எழுதினார். தன்னை துரதிர்ஷ்டசாலியாக நினைக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். மே 16 அன்று மருத்துவமனைக்குப் போனார். மே 18 அன்று தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 23.

எல்மைராவில் அவர் உடலுக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்கள் 10 ஆயிரத்துக்கும் மேல். கென்னடி இரங்கல் செய்தி அனுப்பினார். அடுத்த வருடமே, 1964-ல், பிரவுன்ஸ் லீக் சாம்பியன் ஆனது.

அப்போ, திறமை வீணாப்போச்சா?

புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோணும். கல்லூரியில் 3 சீசனில் 2,386 யார்டு ஓடி, ஜிம் பிரவுனின் சாதனையையே முறியடித்தவர். என்எஃப்எல் கணக்கில் மேட்ச் 0, யார்டு 0.

ஆனா ஒரு ஹெய்ஸ்மன் மேடையில் முதல்முறையாக ஒரு கறுப்பின இளைஞர் நின்றது அவரால். பிடிவாதமாக இருந்த அணி டிராஃப்ட்டில் உச்சரித்த பெயர் அவருடையது. அவருக்குப் பதிலாகப் போன மிட்செல் வாஷிங்டனிலேயே பல வருடம் இருந்தார். இதெல்லாம் எந்த ஸ்கோர்கார்டிலும் ஏறாது.

2008-ல் அவர் வாழ்க்கை 'தி எக்ஸ்பிரஸ்' என்ற படமாக வந்தது. அவர் படித்த எல்மைரா ஊரில் ஒரு பள்ளிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் ஒரு மேட்ச்கூட ஆடாத பிரவுன்ஸ் அணியில், 45-ம் நம்பர் இன்னும் அவருடையதுதான்.