வேவு வலைக்குள் வ.வே.சு. ஐயர்

புதுச்சேரியின் பழைய நகர்ப்பகுதியில் தெருக்கள் நேர்கோடுகளாக அமைந்தவை. ஒரு முனையில் நிற்பவர் கண்ணுக்கு மறுமுனையில் வருபவர் தெரிவார். நடந்து செல்வோர்க்கு இது வசதி. வேவு பார்ப்போர்க்கு அதனினும் பெரிய வசதி. இந்த நகரத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், நாள்தோறும் யாரோ ஒருவரின் பார்வையில் இருந்துகொண்டே வாழ்ந்தவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். வ.வே.சு. ஐயர் என்னும் பெயரால் தமிழுலகம் அவரை அறியும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியைச் சேர்ந்த குடும்பத்தில் 1881 ஏப்ரல் 2 அன்று பிறந்தவர் அவர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்றார், வழக்கறிஞரானார், சில காலம் இரங்கூனில் தொழில் செய்தார். பாரிஸ்டர் பட்டம் பெற 1907-இல் இலண்டன் சென்றார். அங்கே இந்தியா இல்லத்தில் சாவர்க்கரின் நட்புக் கிடைத்தது. சட்டம் படிக்கச் சென்றவர் விடுதலை இயக்கத்தவராக மாறினார். படிப்பை முடித்த பின்னும், ஆங்கில அரசுக்கு விசுவாசம் கூறி உறுதிமொழி எடுக்க மறுத்ததால் பட்டம் அவர் கைக்கு வரவில்லை. 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைது செய்யப்பட்டார். அடுத்த கைது தம்முடையதே என்பதை உணர்ந்த ஐயர் பாரீசுக்குத் தப்பினார். அங்கிருந்து சீக்கியர் கோலத்தில் தாடி வளர்த்துத் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் ஓர் ஒற்றர் அவருடைய பெட்டியில் பொறித்திருந்த வி.வி.எஸ். என்னும் எழுத்துகளைக் கண்டு ஐயுற்றதாகவும், தம் பெயர் வீர விக்ரம் சிங் என்று கூறி ஐயர் அவரை மடக்கியதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் புதுச்சேரி மண்ணை மிதித்தார்.

ஏன் புதுச்சேரி? அது அன்று பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. ஆங்கிலக் காவல்துறையின் பிடியாணை அங்கே செல்லாது. 1908 முதல் பாரதியார் அங்கிருந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்து சேர்ந்திருந்தார். மண்டயம் சீனிவாசாச்சாரியார் போன்றோரும் இருந்தனர். ஆங்கில அரசால் இவர்களைத் தொட இயலாது. ஆனால் பார்க்க இயலும். அந்த ஒன்றை அது முழுமூச்சாகச் செய்தது.

1911 சூன் 17 அன்று மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். வாஞ்சிக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்று ஆங்கில அரசு நம்பியது. அன்று முதல் புதுச்சேரியைச் சுற்றிய வேவு வலை இறுகியது. ஆங்கிலக் காவலர்கள் சாதாரண உடையில் நகருக்குள் வந்து, வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கினர். தொடர்வண்டி நிலையத்தில் ஆள் நின்றது. இவர்கள் வீடிருந்த தெருக்களில் ஆள் நின்றது. யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், எந்தத் திசையில் போனார் என்பன எழுதப்பட்டுச் சென்னைக்கு அறிக்கைகளாகச் சென்றன. அஞ்சலில் வரும் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. உள்ளூரில் சிலர் கூலி பெற்றுச் செய்தி சொன்னார்கள்.

இன்று நாம் வீட்டு வாசலில் ஒரு கேமரா, பின்கட்டில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று எனப் பொருத்தி, அனைத்தையும் ஒரு பதிவுக் கருவியோடு இணைத்துக் கைப்பேசியில் பார்க்கிறோம். ஐயரின் வீட்டைச் சுற்றி அமைந்ததும் அத்தகைய வலையமைப்புத்தான். கம்பிகளுக்கு மாற்றாக மனிதர்கள் இருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதன்று. நம் வீட்டுக் கேமராவின் பதிவு நம்மிடம் இருக்கிறது. ஐயர் வீட்டைப் பார்த்த கண்களின் பதிவோ, அவரைச் சிறையிலிட விரும்பியவர் கையில் இருந்தது. ஒரே செயல், பதிவு எவரிடம் சேர்கிறது என்பதைப் பொறுத்துக் காவலாகவும் ஆகும், வேவாகவும் ஆகும். கண்காணிப்பு என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் குறித்துவிடுகிறோம்.

பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது என்று வேவுக்காரர் நினைத்தபோது நடந்ததே 1912-ஆம் ஆண்டின் கிணற்று நிகழ்ச்சி. ஐயர் வீட்டுப் பணிப்பெண் தண்ணீர் இறைத்தபோது, கிணற்றிலிருந்து இறுக மூடிய கலம் ஒன்று வாளியோடு மேலே வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அரசுக்கு எதிரான துண்டு வெளியீடுகள். காளியின் உருவம் பொறித்த தாள்கள். வங்க மொழியில் எழுதிய சில குறிப்புகள். அயல்நாட்டுப் புரட்சியாளர்களோடு புதுச்சேரியில் இருப்பவர்கள் சதி செய்வதாகக் காட்டுவதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டியதில்லை. எவரோ இரவில் வந்து போட்டுச் சென்றிருக்கிறார்கள். தெருவில் அத்தனை கண்கள் விழித்திருந்தும், கிணற்றடிக்கு வந்த ஆளை மட்டும் அவை காணவில்லை!

அந்த நேரத்தில் ஐயரின் முன் மூன்று வழிகள் இருந்தன. தாள்களை எரித்துவிடலாம், வேறெங்கேனும் மறைத்துவிடலாம், அல்லது வெளிப்படுத்தலாம். அச்சம் கொண்டவர் முதலிரண்டில் ஒன்றையே நாடுவார். எரித்துக்கொண்டிருக்கும்போதோ மறைத்துக்கொண்டிருக்கும்போதோ காவலர் வந்து நின்றால், பொய்ச்சான்று மெய்ச்சான்றாக மாறிவிடும். ஐயர் பாரதியாரிடம் கூறினார். பாரதியார் அரவிந்தரிடம் சென்றார். உடனே பிரெஞ்சுக் காவல்துறைக்குத் தெரிவித்து, அவர்களையே வந்து பார்க்கச் சொல்வதுதான் தக்கது என்பது அரவிந்தரின் அறிவுரை. அவ்வாறே செய்தனர். குற்றஞ்சாட்டப்பட வேண்டியவர்கள் முறையீட்டாளர்களாக முந்திக்கொண்டனர். சட்டம் படித்த ஐயருக்கு இந்த முந்துதலின் மதிப்பு நன்கு விளங்கியிருக்கும்.

இருப்பினும் விசாரணை நடந்தது. கூலிக்கு வேவு பார்த்த ஒருவர் இவர்கள்மீது முறையீடு கொடுத்திருந்தார். பிரெஞ்சு விசாரணை நீதிபதி அலுவலர்களோடு வந்து வீடுகளைச் சோதனையிட்டார். எங்கும் எதுவும் அகப்படவில்லை. அரவிந்தரின் வீட்டில் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்ட நீதிபதி வியந்து, ஐயத்தோடு வந்தவர் மதிப்போடு திரும்பினார். முறையீடு கொடுத்தவர் எல்லை கடந்து ஆங்கில இந்தியாவுக்குள் ஓடிவிட்டார். பொய் வழக்கு முளையிலேயே கருகியது.

வேவு, பார்க்கப்படுபவரை மட்டுமன்றிப் பார்ப்பவரையும் வாட்டும் என்பதற்கு அரவிந்தரின் இல்லத்தில் நடந்த ஒரு செய்தியைச் சான்றாகக் கூறலாம். அங்கே பணியாளாகத் தங்கியிருந்த ஒருவர் உண்மையில் காவல்துறையின் ஆள். தமக்குப் பதிலாக வரவிருந்த ஒற்றர் தம்மை அடையாளம் கண்டுகொள்வதற்காகத் தலையை மழித்துக்கொண்டார். அதைக் கண்டு, அங்கிருந்த இளைஞர் ஒருவர் தாமும் மொட்டையடித்துக்கொண்டார். தம் குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதனால்தான் இவ்வாறு செய்கிறார்கள் என்று நடுங்கிய ஒற்றர், தாமே முன்வந்து உண்மையை ஒப்புக்கொண்டார். சிரிப்பை வரவழைக்கும் நிகழ்ச்சிதான். ஆனால் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கும் மனிதரை நம்பலாமா என்று நாள்தோறும் எண்ண வேண்டிய வாழ்க்கை, வாழ்ந்தவர்க்குச் சிரிப்பாக இருந்திருக்காது. ஐயரோடு இவ்வின்னல்களைப் பகிர்ந்துகொண்ட அவர்தம் துணைவியார் பாக்கியலட்சுமி அம்மையாரைப் பற்றி நூல்கள் சில வரிகளோடு நின்றுவிடுவது குறையே.

வீட்டுக்கு வெளியே கண்கள் காத்திருக்க, வீட்டுக்குள் ஐயர் என்ன செய்தார்? உடற்பயிற்சி செய்தார், இளைஞர்களையும் செய்யத் தூண்டினார், படித்தார், எழுதினார். 1914-இல் உலகப்போர் மூண்டது. செப்டம்பர் 22 அன்று செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. இப்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓரணியினர். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தவர்களை ஆப்பிரிக்காவிலுள்ள அல்சீரியாவுக்கு அனுப்பிவிடும் பேச்சு எழுந்தது. எந்நேரமும் கப்பலேற்றப்படலாம் என்ற நிலையில், தமிழுக்கு ஒரு பணியையேனும் முடித்துவிட வேண்டும் என்று திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார் ஐயர். 1330 குறட்பாக்களையும் சில திங்களிலேயே முடித்தார். அந்நூல் 1916-இல் வெளிவந்தது. அல்சீரியப் பயணம் நடவாமல் போயிற்று, மொழிபெயர்ப்பு நின்றது.

1915-இல் விவேகபோதினி இதழில் குளத்தங்கரை அரசமரம் வெளிவந்தது. எழுதியவர் பெயராக இடம்பெற்றது பாக்கியலட்சுமி அம்மையாரின் பெயர். இதுவே தமிழின் முதற் சிறுகதையா, தாகூரின் வங்கக் கதை ஒன்றன் சாயல் இதில் உண்டா என்பன பற்றி ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக மட்டும் இக்கதையின் பெயரை மனப்பாடம் செய்து கடந்துவிடுவோர் பலர். அவர்கள் கதையையே ஒருமுறை படிக்க வேண்டும். குளக்கரையில் அசையாமல் நிற்கும் ஒரு மரம் ஊரில் நடப்பனவற்றையெல்லாம் பார்க்கிறது, கேட்கிறது. ருக்மிணி என்னும் பெண் குழந்தையாக ஓடியாடியதையும், மணமானதையும், மாமியார் வீட்டாரால் கைவிடப்பட்டு அந்தக் குளத்திலேயே உயிர்விட்டதையும் அம்மரமே நமக்குக் கூறுகிறது. ஒற்றர்களின் பார்வையிலேயே வாழ்ந்த மனிதர் படைத்த மரமும் ஓயாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது பார்த்ததை அறிக்கையாக்கி எவரிடமும் ஒப்படைப்பதில்லை. பார்த்ததற்காக அழுகிறது. ஐயர் இதை எண்ணியே எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. இது படிக்கும்போது தோன்றும் கருத்து.

போர் முடிந்தது. பாரதியார் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறி, எல்லையில் கைதாகிப் பின் விடுவிக்கப்பட்டார். பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்ட பின், 1920-இல் ஐயரும் தமிழகம் திரும்பினார். தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். அதில் வந்த கட்டுரைக்காக 1921-இல் சிறைத்தண்டனை பெற்றுப் பெல்லாரிச் சிறையில் ஒன்பது திங்கள் இருந்தார். அங்கேயும் கைகள் ஓயவில்லை. கம்பராமாயணம் பற்றிய தம் ஆங்கில ஆய்வை அச்சிறையில்தான் எழுதினார்.

பின்னர்ச் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலம் வேறொரு சோதனையைக் கொணர்ந்தது. சாதி வேறுபாடின்றி மாணவர்கள் ஒன்றாகக் கற்க வேண்டிய இடத்தில், பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்க அவர் இசைந்தார். பெற்றோரின் வேண்டுகோள் என்பது அவர் கூறிய காரணம். வரதராசுலு நாயுடு, பெரியார் ஆகியோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். பொதுமக்கள் நன்கொடையில் நடந்த நிறுவனத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வியையே அவர்கள் கேட்டனர். பேரரசின் வேவுக்கு வளையாத ஐயர் இந்த ஓரிடத்தில் மரபுக்கு வளைந்தது அவர் வாழ்வின் குறை. அதனை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. முடிவில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

1925 சூன் 3 அன்று குருகுல மாணவர்களோடு பாபநாசம் அருவிப் பகுதிக்குச் சென்றிருந்தார். மகள் சுபத்திரை நீரில் தவறி விழுந்தாள். அவளை மீட்க ஐயர் பாய்ந்தார். அருவியின் வேகம் இருவரையும் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 44.