குதிரையையே மாத்திட்டாங்க! 1844 டெர்பி மோசடியை உடைத்த ஜார்ஜ் பெண்டிங்

1844 மே மாதம். லண்டன் அருகே எப்சமில் டெர்பி பந்தயம். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம் என்பது விதி. முதலில் வந்தது 'ரன்னிங் ரெய்ன்'. ஆனால், அந்தப் பெயரில் ஓடியது 'மக்காபியஸ்' என்ற நான்கு வயதுக் குதிரை. எட்டாவது படிக்கிற பசங்க ரேஸ்ல காலேஜ் பையனை இறக்கிவிட்ட மாதிரி!

இதைத் துரத்திப் பிடித்தவர் ஜார்ஜ் பெண்டிங் பிரபு. பெயர் கேட்ட மாதிரி இருக்கா? 1806 வேலூர் புரட்சியின்போது மெட்ராஸ் கவர்னராக இருந்த வில்லியம் பெண்டிங் இவருக்குச் சித்தப்பா.

1802-ல் பிறந்த ஜார்ஜ், பெரிய சூதாடி. அப்பாவுக்குப் பிடிக்காது என்பதால் அடுத்தவர் பெயரில் குதிரைகளை ஓடவிட்டவர். 1836-ல் டான்காஸ்டர் பந்தயத்துக்குச் சில நாள் முன்புவரை இவரது 'எலிஸ்' இங்கிலாந்தின் தென்கோடியில் இருந்தது. நடந்து வந்து சேரவே முடியாது என்று எல்லோரும் கணக்குப் போட, குதிரைகள் இழுக்கும் வண்டியில் எலிஸை ஏற்றி அனுப்பி ஜெயித்தார். தந்திரம்தான், ஆனால் விதிமீறல் இல்லை.

டெர்பி விஷயத்தில், ஓட்டத்துக்கு முன்பே புகார் போனது. ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள் நிர்வாகிகள். இரண்டாவதாக வந்த 'ஆர்லாண்டோ'வின் உரிமையாளருக்காக ஆதாரம் திரட்டியது பெண்டிங். குதிரையின் வயது பல்லில் தெரியும். அதனால், குதிரையைக் கொண்டு வரச் சொன்னார் நீதிபதி. குதிரை வரவே இல்லை, வழக்கு கவிழ்ந்தது. ஆர்லாண்டோவுக்கு வெற்றி.

1750 வாக்கில் தொடங்கிய ஜாக்கி கிளப், சட்டப்படி அதிகாரம் பெற்ற அமைப்பு அல்ல, பிரபுக்களின் கிளப். அதன் நேரடிப் பிடி நியூமார்க்கெட்டில்தான். அதன் பேச்சை நாடே கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்ததில் உறுப்பினர் பெண்டிங்குக்குப் பெரிய பங்கு. கொடி அசைத்து ஓட்டத்தைத் தொடங்குவது, குதிரைகளுக்கு எண் தருவது எல்லாம் இவர் புகுத்தியவை. நன்றியாகத் திரட்டிய பணத்தைக்கூட இவர் வாங்கவில்லை. அது பயிற்சியாளர்கள், ஜாக்கிகளின் குடும்பங்களுக்கான நிதியானது. அந்த கிளப்பின் ஒழுங்குமுறைப் பொறுப்பு 2006-ல்தான் தனி ஆணையத்துக்குக் கைமாறியது.

1846-ல் அரசியலுக்காகக் குதிரைகளை மொத்தமாக விற்றார். கைமாறிய குட்டிகளில் ஒன்று 'சர்ப்ளைஸ்'. வாழ்நாள் முழுக்க இவர் ஏங்கிய டெர்பியை, 1848-ல் அது வேறொருவருக்கு ஜெயித்துக் கொடுத்தது. அதே செப்டம்பரில், நடந்து போகும்போதே சரிந்து இறந்தார் பெண்டிங். வயது 46.