மாயப்பட மன்னர் விட்டலாச்சாரியார்

வன்னிக் காட்டுக்குள் நுழையும் வேட்டைக்காரரும் தேனெடுப்பாரும் வழியோரத்து மரக்கிளையில் ஒரு குழையை முறித்துத் தொங்கவிட்டு, ஐயனாரையோ பிள்ளையாரையோ நினைந்து வணங்கிய பின்னரே அப்பாற் செல்வது பழைய வழக்கம். கண்டி வீதியிலே முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடையாது வாகனம் ஓட்டிச் செல்வார் இன்றும் அரியர். காடு மனிதனுடைய ஆணை செல்லாத இடம். ஆங்கே புகுவதற்கு உரியவரிடம் உத்தரவு பெறல் வேண்டும் என்னும் எண்ணமே இவ்வழக்கங்களின் அடியிற் கிடப்பது. உத்தரவு பெறாமற் புகுந்து, அரைகுறையாகக் கற்ற மந்திரத்தை ஓதி, அடக்கவொண்ணாத ஒன்றை எழுப்பிவிட்டவன் கதி என்னவாகும்? இவ்வொரு வினாவை வைத்துக்கொண்டு, சொற்பப் பணத்திலே, தென்னாட்டு மக்களை ஒரு தலைமுறைக்காலம் அச்சுறுத்தியும் சிரிக்கவைத்தும் வந்தவர் பி. விட்டலாச்சாரியார்.

இலக்கியப் பக்கத்திலே பேய்ப்படக்காரருக்கு என்ன வேலை என்று வினவும் ஆசிரியப் பெருமக்கள் சிறிது பொறுத்தருள்க.

அன்னார் பிறந்தது 1920ஆம் ஆண்டு சனவரி மாதம், கன்னட நாட்டின் மேலைக் கடற்கரையிலுள்ள உடுப்பியை அடுத்த உத்தியாவரம் என்னும் ஊரில். தந்தையார் ஆயுள்வேத வைத்தியர். பள்ளிப் படிப்பு அவரை அதிகம் பற்றிக்கொள்ளவில்லை, பற்றிக்கொண்டது யட்சகானம். இரவு முழுவதும் தீவட்டி வெளிச்சத்திலே நிகழும் அக்கூத்திலே அரக்கரும் தேவரும் பேருருக் கொண்டு ஆடுவர். நம்மவரின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடிய விடியப் பார்த்துப் பழகியோருக்கு அந்த மயக்கம் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இளம் பிராயத்திலேயே வீட்டை விட்டு அரசிகெரே சென்று, கிடைத்த வேலைகளைச் செய்து, பின்னர் ஓர் உணவுச்சாலையை நடத்தலானார். 1942இல் மகாத்மா காந்தி தொடங்கிய வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலே ஈடுபட்டுச் சிறையும் புகுந்தார். வெளிவந்ததும் உணவுச்சாலையைத் தம்பியிடம் ஒப்புவித்துவிட்டு, நண்பர்களோடு கூடி, அசன் மாவட்டத்திலே ஊரூராகக் கூடாரம் அடித்துப் படங் காட்டும் தொழிலில் இறங்கினார்.

அவருடைய கல்லூரி அந்தக் கூடாரந்தான் எனலாம். ஒரே படத்தை நாள்தோறும் பார்த்தார். படத்தைப் பார்த்ததினும் அதிகமாக, மணலிலே குந்தியிருந்து படம் பார்க்கும் உழவரையும் கூலிக்காரரையும் பார்த்தார். அவர்கள் எவ்விடத்திலே வாய்திறந்து வியப்பர், எவ்விடத்திலே பீடி பற்றவைக்க எழுந்து போவர் என்பதை அவர் அறிந்துகொண்டது அங்கேதான். பிற்காலத்தில் அவருடைய படங்களில் பீடிக்கு நேரம் வைத்ததில்லை.

நண்பர் சங்கர் சிங் முதலானோரோடு மைசூரிலே மகாத்மா பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தை அமைத்தார். நாகக் கன்னியரையும் மோகினியரையும் அந்நிறுவனம் 1949இலும் 1951இலும் திரைக்குக் கொண்டுவந்தது. கூட்டுப் பிரிந்த பின்னர், 1953 அளவில் விட்டல் புரொடக்சன்ஸ் எனத் தமது பெயராலேயே நிறுவனங் கண்டு, சென்னைக்குக் குடிபெயர்ந்து, தெலுங்குப் படங்களிலே கருத்தூன்றினார். தொடக்கத்திலே கன்னியாதானம் போன்ற சமூகப் படங்களையும் எடுத்தவரே அவர். ஆனால் மக்கள் அவரிடம் எதிர்பார்த்தது மாயமே. காந்தாராவ் வாளேந்திய கதைகளும், 1963இல் வெளிவந்த பந்திப்போட்டு முதலாக என். டி. ராமராவ் நடித்த கதைகளும் தொடர்ந்து வந்தன. ஆந்திர மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர் ஜானபதப் பிரம்மா. நாட்டார் கதைகளைப் படைக்கும் நான்முகன் என்பது பொருள்.

சிக்கனத்திலே அவர் கண்டிப்பானவர். குறித்த பணம், குறித்த நாள், இரண்டையும் மீறார். அதிக ஊதியங் கேட்டு முரண்டிய நடிகரை, கதையிலே ஒரு முனிவரின் சாபத்தால் கிளியாக்கிவிட்டு, எஞ்சிய படத்தைக் கிளியை வைத்தே முடித்தார் என்றொரு கதை திரையுலகிலே வழங்குகின்றது. மெய்யோ பொய்யோ, மனிதரின் குணத்துக்கு அது பொருந்துகின்றது. கணினி வராத காலம் அது. படப்பெட்டியை நிறுத்தி, ஆளை அகற்றி, மீண்டும் ஓட்டினால் ஆள் மறைவான். ஒரே சுருளில் இருமுறை பதிந்தால் ஆவி சுவரை ஊடுருவும். பாரிசிலே மெலியே என்னும் செப்படிவித்தைக்காரர் 1890களிலே கையாண்ட உபாயங்கள் இவை. சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களில் அவையே காளி குகையையும் கபாலம் ஏந்திய மந்திரவாதியையும் ஆக்கித் தந்தன.

1978இல் வந்த ஜெகன்மோகினியே அவருடைய புகழின் சிகரம். 1951இல் கூட்டு நிறுவனம் எடுத்த படத்தின் பெயரையே மீண்டும் எடுத்தாண்டார். நரசிம்மராசுவும் செயமாலினியும் நடித்த அப்படம் தமிழிற் குரல்மாற்றம் பெற்றுத் தமிழகத்திலும் பெருவெற்றி கண்டது. வஞ்சிக்கப்பட்டு மடிந்த பெண் மோகினியாகித் தன் காதலனைத் தொடர்கின்றாள். அவனுடைய மனைவியோ தெய்வபக்தியையே படையாகக் கொண்டு நிற்கின்றாள். விறகில்லாத அடுப்பிலே பேய் தன் காலையே நீட்டி எரித்துச் சமைக்கும் காட்சியை ஒருமுறை பார்த்த குழந்தை மறப்பதில்லை.

கற்றோர் இதைக் கண்டு நகைத்தனர். நகைக்கட்டும், ஆயினும் கலிங்கத்துப்பரணியிலே செயங்கொண்டார் காளி கோயிலைச் சூழ்ந்த பாலை நிலத்தைப் பாடி, போர்க்களத்திலே பேய்களைக் கொண்டு கூழ் அடுவித்து, அவற்றைப் பந்தியில் அமர்த்தி உண்பித்ததை வகுப்பிலே நயம்படக் கற்பிப்போர், அடுப்படியில் நிற்கும் இந்தப் பேயை மட்டும் அயலாள் என்று தள்ளுவது எங்ஙனம்? அச்சத்தையும் நகையையும் ஒரே பானையில் இட்டுக் காய்ச்சும் கைத்திறம் இரண்டிலும் ஒன்றே. தரத்திலே வேற்றுமை உண்டு, மறுப்பாரில்லை. குலத்திலே வேற்றுமை இல்லை.

1981இல் அமெரிக்காவிலே சாம் ரைமி என்னும் இளைஞர், காட்டுக் குடிசையொன்றிலே பழஞ்சுவடியைக் கண்டெடுத்துத் தீய ஆவிகளை எழுப்பிவிடும் மாணவர் ஐவரைப் பற்றி, குறைந்த செலவிலே ஒரு படம் எடுத்து உலகப் புகழ் பெற்றார். அதிலே எழுந்ததை அடக்கத் தெய்வம் வருவதில்லை. விட்டலாச்சாரியாரின் காட்டிலோ இறுதியில் அம்மன் வருவாள். குழை முறித்து வணங்கிய பின் காடு புகும் நம்மவருக்கு எக்காடு உறவென்பது சொல்லாமலே விளங்கும்.

1999ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி அன்னார் சென்னையிற் காலமானார். பத்தாண்டு கழித்து, 2009இல், ஜெகன்மோகினியைத் தமிழிலே புதிதாக எடுத்தனர். இம்முறை மாயங்களைச் செய்யக் கணினி இருந்தது. பழைய படத்தைப் பார்த்தவர்களோ, அடுப்பில் எரிந்த அந்தக் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.