நான்கு அவைகள் கண்ட காயிதே மில்லத்

காயிதே மில்லத் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரியின் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டின் நாடாளுமன்ற முறை வளர்ந்த கதையையும் அன்னாரின் வாழ்வில் நாம் படிக்கலாம்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்த முஹம்மது இஸ்மாயில் சாஹிப், 1946-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி இருந்த காலம் அது.

விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றார். அரசியல் சட்டத்தை எழுதிய அச்சபையே நாடாளுமன்றமாகவும் இயங்கியது. தனித்தொகுதி முறை அங்கே முடிவுக்கு வந்தது. 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயினும் அப்பிரிவு, நீதிமன்றம் வழியே நிறைவேற்ற முடியாத வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக, 44-வது பிரிவாகவே நின்றது.

அதற்காக அவர் அவையை விட்டு ஒதுங்கவில்லை. 1952 முதல் 1958 வரை, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களவையில் இருந்தார். பிறகு எல்லா மதத்தவரும் வாக்களிக்கும் பொதுத்தொகுதியில் நின்றார். கேரளத்தின் மஞ்சேரி மக்கள் இந்த நெல்லைத் தமிழரை 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு அனுப்பினார்கள். 1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தானார்.

அன்று அவர் எடுத்துவைத்த வாதம் அவைக் குறிப்பில் இருக்கிறது. பொது சிவில் சட்டம் பற்றி இன்று பேசும் நம் வீட்டுப் பிள்ளைகள் அதைத் தேடிப் படிக்கட்டும். அல்லாஹ் அன்னாரின் மறுமையைச் சிறப்பாக்குவானாக.