அளந்தறிந்து உயிர் காத்த ஹார்வி குஷிங்

மூளை அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் ஹார்வி குஷிங், அமெரிக்க நாட்டில் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் பிறந்தார். பத்து மக்களுள் இவரே கடைக்குட்டி. தந்தையார், பாட்டனார், பாட்டனாரின் தந்தையார் ஆகிய மூவரும் மருத்துவர்கள். எனவே நான்காம் தலைமுறையாக அத்தொழில் இவரை நாடி வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 1891இல் பட்டம் பெற்று, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

குலத்தொழில் எளிதில் கைவரலாம். அதன் பொறுப்போ தானே உணர்ந்து ஏற்க வேண்டியது. குஷிங் அதனை மாணவப் பருவத்திலேயே உணர்ந்தார். அந்நாளில் நோயாளிக்கு ஈதர் என்னும் மயக்க மருந்தை முகரச் செய்யும் பணி, போதிய பயிற்சியற்ற மாணவர்களிடம் விடப்பட்டிருந்தது. அவ்வாறு இவர் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் உயிர் நீத்தார். இத்தகைய இறப்புகள் வழக்கமானவையே என்று மூத்தோர் கருதினர். இளைஞரின் உள்ளம் அதனை ஏற்கவில்லை. மருத்துவத்தையே கைவிடலாமா என்று கலங்கினார்.

ஆயினும் அவர் விலகிச் செல்லவில்லை. உடன் பயின்ற எர்னஸ்ட் காட்மனோடு சேர்ந்து, மயக்கத்திலிருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் இடைவிடாது கவனித்துத் தாளில் குறித்துவரும் முறையை வகுத்தார். 1901இல் இத்தாலியின் பாவியா நகரில், ரிவா ரோச்சி அமைத்த இரத்த அழுத்தமானியைக் கண்டார். அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டுவந்து, அழுத்தத்தையும் அக்குறிப்பில் சேர்த்தார். இன்று ஒவ்வோர் அறுவைக் கூடத்திலும் எழுதப்பெறும் மயக்கவியல் குறிப்பேட்டின் தொடக்கம் இதுவே.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்னும் பேராசானிடம், திசுக்களை மென்மையாகக் கையாளும் பொறுமையைக் கற்றார். மண்டை ஓட்டைத் திறப்பது மரணத்தை அழைப்பதற்கு ஒப்பாயிருந்த காலம் அது. நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்க 1911இல் வெள்ளிக் கவ்விகளைப் பயன்படுத்தினார். 1926இல் இயற்பியலர் போவி உருவாக்கிய மின்கருவியால் குருதிப்பெருக்கை அடக்கினார். 1931இல் தம் இரண்டாயிரமாவது மூளைக்கட்டி அறுவையைச் செய்தார். அவர்தம் பிற்கால அறுவைகளில் இறந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரினும் குறைவு. பிட்யூட்டரி சுரப்பியின் கோளாற்றால் விளையும் நோயொன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

உதவியாளர்களிடம் அவர் மிகக் கடுமையானவர். சிறு பிழையையும் பொறுக்கமாட்டார். அக்கடுமையைத் தமக்கும் விதித்துக்கொண்டார். 1926 ஜூன் திங்களில், யேலில் பயின்ற மூத்த மகன் கார் விபத்தில் இறந்த செய்தி காலையில் வந்தது. மனைவியாரிடம் அதனைத் தெரிவித்தபின், அன்று தமக்காகக் காத்திருந்த நோயாளிக்கு அறுவை செய்யச் சென்றார். அதே ஆண்டில், தம் வழிகாட்டியான வில்லியம் ஆஸ்லரின் வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதியமைக்காகப் புலிட்சர் பரிசும் பெற்றார்.

1939ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் நியூ ஹேவன் நகரில் குஷிங் மறைந்தார். ஓர் உயிரின் இழப்பை வழக்கமென்று தள்ளாமல், அது மீண்டும் நேராதிருக்க வழி தேடியவர் அவர். நம் இல்லங்களில் மருத்துவம் பயிலும் இளையோர் தொழில்திறனோடு அவ்வுணர்வையும் பெறுவார்களாக.